லென்ஸுக்குள் மாமல்லபுரத்து மணல்

கரக்.

கையால் ஃபோகஸ் செய்கிற லென்ஸை வைத்துக்கொண்டு தொழில் செய்கிறவன் எந்தக் கெட்ட செய்தியையும் முதலில் காதால்தான் தெரிந்துகொள்கிறான். லென்ஸின் வளையத்தைத் திருப்பினால் வெண்ணெயில் கத்தி போவது மாதிரி போக வேண்டும். ‘கரக்’ என்றால் உள்ளே மணல் புகுந்துவிட்டது. கடற்கரைப் பக்கம் படமெடுத்து, இந்தச் சத்தத்தைக் கேட்டவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்துவிட்டுச் சிரிக்கலாம். என் வீட்டில் அப்படித்தான் செய்கிறார்கள்.

எனக்கு மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். இருபத்திரண்டு வருஷமாக அதேதான். கார்களுக்கான பல்சக்கரங்களை அளந்து பார்த்து, சரியானதை ஒரு தொட்டியிலும் சரியில்லாததை இன்னொரு தொட்டியிலும் போட வேண்டும். காலையில் கம்பெனி பஸ் செங்கல்பட்டில் இறக்கிவிடும். ஊர் குளித்துக் கிளம்பிக்கொண்டிருக்கும். நான் படுக்கப் போவேன். விழித்திருக்கும்போது மனிதர்களின் முகம் எப்படி இருக்கும் என்பதே மறந்துவிடுமோ என்று ஒரு கட்டத்தில் பயம் வந்துவிட்டது. கேமரா வாங்கியது அதனால்தான். யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. வீடியோ பார்த்தும், கழற்றிப் பார்த்தும், கெடுத்தும் வந்த வித்தை.

கேமரா உள்ளங்கையில் அடங்குகிற, மிரர்லெஸ் என்கிற சின்ன ரகம். லென்ஸ் ஜெர்மன்காரன் செய்தது, செகண்ட் ஹேண்ட், என்னைவிட வயதில் மூத்தது. பித்தளையும் கண்ணாடியுமாகக் கனக்கும். மோட்டார் கிடையாது, ஒயர் கிடையாது, எல்லாம் கைதான். இது அதில் பொருந்தாது என்பதால் நடுவில் அடாப்டர் என்று ஒரு உலோக வளையம். கல்யாணத் தரகர் மாதிரி, இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைப்பதோடு அதன் வேலை முடிந்தது. அப்புறம் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரிகிறதா என்பது அதன் கவலை இல்லை.

செங்கல்பட்டில் கல்யாண ஃபோட்டோ டீம் வைத்திருக்கிற தனசேகர் என்னைவிடப் பத்து வயது சின்னவன். சேர்த்துக்கொள் என்று ஆறு மாதம் அவனை நச்சரித்தேன். கடைசியில் இறங்கிவந்தான். “மூணு ஃபங்ஷன் பாப்போம் அண்ணாத்த. அதுக்குள்ள கை செட் ஆவலைன்னா லைட்டு ஸ்டாண்டு புடிக்க வந்துடு. அதுவும் மரியாதையான வேலைதான்.”

மரியாதையான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் லைட் பிடிக்கிறவன் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று மட்டும் பார்ப்பான். அந்த வேலையைத்தான் நான் இரவெல்லாம் செய்கிறேனே.

மெயின் கேமரா

முதல் ஃபங்ஷன் கூடுவாஞ்சேரியில் ஒரு நிச்சயதார்த்தம். பெண்ணின் தாய்மாமன் வாசலிலேயே நின்று வருகிறவர்களை எடைபோட்டுக்கொண்டிருந்தார். தனசேகரின் பையன்கள் பீரங்கி மாதிரி கேமராக்களைத் தூக்கிக்கொண்டு போனபோது வழிவிட்டார். என்னிடம் வந்ததும் நிறுத்தினார். என் கழுத்தில் தொங்குவதைக் குனிந்து பார்த்தார், பின்பக்கம் ஏதாவது மறைத்துவைத்திருக்கிறேனா என்றும் எட்டிப் பார்த்தார்.

“சார், இதுல வர்ற க்ளாரிட்டி வேற” என்று ஆரம்பித்து, ஜெர்மன் கண்ணாடி, பூச்சு, வண்ணம் என்று நான் விளக்க விளக்க, அவர் முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. தோளில் தட்டிக்கொடுத்தார்.

“சரி சரி, வெளாட்டெல்லாம் அப்பறம். மெயின் கேமரா வண்டில கீதா?”

மாப்பிள்ளை எங்கே?

அதே நிச்சயதார்த்தம். இந்த லென்ஸின் வாயை முழுக்கத் திறந்துவைத்தால் ஒரு விரல்கடை ஆழத்துக்குத்தான் கூர்மை. அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் பனிமூட்டம். அந்தப் பனிமூட்டத்துக்காகத்தானே நாமெல்லாம் சொத்தை எழுதிவைக்காத குறையாக இதை வாங்குகிறோம்? நானும் ஆசையாகத் திறந்துவைத்தே எடுத்தேன். பெண்ணின் ஜிமிக்கியில் கல்லை எண்ணலாம். அரையடி பின்னால் நின்ற மாப்பிள்ளை, இட்லிப் பானையைத் திறந்ததும் ஆவிக்கு அந்தப் பக்கம் தெரிகிற ஆள் மாதிரி இருந்தார். நாற்பது படத்திலும் அப்படித்தான்.

கலை என்று சொல்லிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பின்னால் நின்ற தனசேகர் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு விரலை உயர்த்திக் காட்டினான்.

“ஏம்பா, நீ பொண்ணு வூட்டுக்காரனா?”

லென்ஸ் இல்லை

அடாப்டர் மாட்டுகிறவர்கள் எல்லோரும் வாழ்க்கையில் ஒருமுறையாவது இந்தப் பள்ளத்தில் விழுந்திருப்பார்கள். ஒயர் இல்லாத லென்ஸ் மாட்டப்பட்டிருப்பது கேமராவுக்குத் தெரியாது. அதைப் பொறுத்தவரை முன்னால் வெறும் ஓட்டை. அதனால் மெனுவின் அடியாழத்தில் ஒரு கேள்வி இருக்கும்: லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடுக்கலாமா? ‘எடுக்கலாம்’ என்று ஒருதடவை சொல்லிவைத்துவிட்டால் போதும், பிறகு மறந்தே போய்விடும்.

இரண்டாவது ஃபங்ஷன் செங்கல்பட்டில் ஒரு சர்ச் கல்யாணம். முந்தின நாள் கேமரா உறைந்து நின்றுவிட்டதால் எல்லாவற்றையும் அழித்துப் புதுசு மாதிரி ஆக்கியிருந்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சியும் கொண்டேன். மறுநாள் பாடல் முடிந்து, ஃபாதர் தாலியை ஆசீர்வதித்து மாப்பிள்ளை கையில் கொடுக்கிறார். மண்டியிட்டுப் பெண்ணின் கண்ணில் ஃபோகஸ் வைத்து அழுத்துகிறேன். அரைக் கிலோ கண்ணாடியைத் தாங்கிக்கொண்டிருக்கிற கேமரா நிதானமாகச் சொல்கிறது: ‘லென்ஸ் பொருத்தப்படவில்லை.’

மெனுவுக்குள் ஓடினேன். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், பேட்டரிச் சிக்கனம், தேதி, நேரம், மொழி. நெற்றி வியர்வை திரையில் சொட்டி அது வேறு பக்கத்துக்குத் தாவியது. பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டுக் கேமராவைக் குலுக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து ஃபாதர், மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நிறுத்தினார். மைக்கில் ஒரு கேள்வி கேட்டார், கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார், பிறகு கையை விட்டுவிட்டார். நான் ‘எடுக்கலாம்’ என்பதைக் கண்டுபிடித்தபோது மூன்று முடிச்சும் விழுந்து கைதட்டலும் முடிந்திருந்தது. தனசேகர் இரண்டு விரலைக் காட்டினான். ஆனால் இன்றுவரை காதில் இருப்பது மைக்கில் வந்த ஃபாதரின் குரல்தான்.

“தம்பி, ஆண்டவர் ரெடி. நீங்க ரெடியா?”

ஊறுகாய் பாட்டில்

அந்த ஆத்திரத்தில் வீட்டுக்கு வந்து அடாப்டரை இறுக்கிவிட்டேன். லென்ஸோடு ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. துணி சுற்றித் திருப்பினேன், ஃபிரிட்ஜில் வைத்தேன், வெயிலில் வைத்தேன். தூங்க வேண்டிய பகல் முழுக்கப் போனது. சாயங்காலம் வேலையிலிருந்து வந்த என் மனைவி விஜி, பழைய காஸ் ட்யூபில் வெட்டிய ஒரு துண்டு ரப்பரை எடுத்துச் சுற்றி ஒரே திருப்பு. கழன்றுவிட்டது. கழன்றதைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

“ஊறுகா பாட்டிலுக்கே நான் இவ்ளோ அலட்டிக்க மாட்டேன்.”

ஆடாத சாமி

மனசு ஆறுவதற்கு ஓர் இடம் இருந்தது. மாமல்லபுரத்தில் ஏகாம்பரம் என்கிற சிற்பியின் பட்டறை. அவர் செதுக்குகிற சிலைகளை வெளியூர்க்காரர்களுக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொடுப்பேன். சிலை ஆடாது, சிரிக்காது, அரையடி பின்னால் போகாது. ஒரு பிள்ளையாருக்கு ஒரு மணி நேரம்கூட எடுத்துக்கொள்வேன். எல்லாம் ஊசிமுனை மாதிரி விழும்.

“பாத்தீங்களாண்ணே, எப்படி இருக்கு?” என்று அம்மன் சிலையின் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தார். பிறகு, காலையிலிருந்து பட்டறை நடுவில் நான் உட்கார்ந்து மறித்துக்கொண்டிருந்த வழியைப் பார்த்தார்.

“சாமிக்குக் கண்ணு தொறக்கறப்ப நானே இவ்ளோ நேரம் எடுத்துக்கல. இன்னா, இன்னைக்கு எந்திரிப்பியா?”

நாலடி

மூன்றாவது ஃபங்ஷன் மாமல்லபுரத்தைத் தாண்டி ஒரு மீனவர் குப்பத்தில் வளைகாப்பு. ஷிஃப்ட் முடிந்து நேராகப் போனேன். கடலைப் பார்த்த பந்தல், விடாத காற்று. பேட்டரி மாற்றுவதற்காகக் கேமராவை ஒரு படகின் விளிம்பில் ஒரு நிமிஷம் வைத்தேன். அந்த ஒரே நிமிஷம்தான்.

கரக்.

வளையம் நாலடியில் நின்றுவிட்டது. அதாவது, எனக்கு நாலடி தூரத்தில் இருப்பது மட்டும் தெளிவு. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. பலமாகத் திருப்பினால் உள்ளே மரை போய்விடும். தனசேகர் வீடியோவில் மும்முரமாக இருந்தான். பந்தக்கால் ஓரமாக லைட் ஸ்டாண்ட் ஆளில்லாமல் நின்றது. அது என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. போய்ச் சொல்லிவிட்டு அதைப் பிடித்துக்கொண்டால் கதை முடிந்தது.

பிடிக்கவில்லை. வளையம் திரும்பாவிட்டால் நான்தான் திரும்ப வேண்டும். லென்ஸின் வாயைக் கொஞ்சம் மூடிவைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தேன். அதுவரை பதினைந்தடி தள்ளி நின்று வளையத்தைத் தடவிக்கொண்டிருந்தவன், சந்தனக் கிண்ணத்துக்கும் வளையல் தட்டுக்கும் நடுவில் புகுந்துவிட்டேன். முகம் மங்கினால் ஒரு எட்டு முன்னால், இன்னும் மங்கினால் அரை எட்டு பின்னால். ஒரு பாட்டியம்மாவின் காலை மிதித்து மன்னிப்பும் கேட்டேன்.

சந்தனம் பூசிக்கொண்டிருந்த அத்தைக்காரி ஒருத்தி இடுப்பில் கைவைத்து நின்றாள். “இன்னா அண்ணாத்த, மேலயே வந்து வுழுற? ஒனக்கும் வளையல் போட்டு வுடட்டா?” கேட்டதோடு நில்லாமல் என் கன்னத்தில் ஒரு கை சந்தனத்தை அப்பினாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் முழங்கை வரை வளையல் குலுங்கச் சிரித்தாள். சரியாக நாலடி. அழுத்தினேன்.

மத்தியானம் தனசேகர் லேப்டாப்பில் படங்களைப் பார்த்தான். பத்து, இருபது, நாற்பது. மூன்றாவது விரல் எப்போது எழும்பும் என்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பில் மூடிய கண்களும், இமையில் தெறித்த சந்தனத் துளியும் தெரிந்த அந்தப் படத்தில் நின்றான். “இத்தினி கிட்ட போயி ஒருத்தர்கூட அடிக்கலையா?” என்றான். மறைக்க முடியவில்லை, மணல் புகுந்த கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் லென்ஸைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தான். “ஞாயித்துக்கெழம திருப்போரூர்ல ஒரு கல்யாணம். ஆறு மணிக்கு வந்துடு” என்றான். லென்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு நிபந்தனையும் போட்டான்.

“அந்த மண்ண மட்டும் எடுத்துடாத, அண்ணாத்த.”

---

இருபத்திரண்டு வருஷமாகச் சரியில்லாததைப் பொறுக்கித் தனித்தொட்டியில் போடுகிற நான், சரியில்லாமல் போன ஒரே ஒரு லென்ஸால் லைட் ஸ்டாண்டிலிருந்து தப்பித்தும், மறுநாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் வராததுமாக, தரையில் பழைய பேப்பரை விரித்து, ரப்பர் உருண்டையை அமுக்கி அமுக்கி, வளையத்துக்குள் காற்றை ஊதி மணலை எடுக்க உட்கார்ந்துவிட்டேன்.