மூன்று ஆண் தாராக்கள்

கடைகளில் முட்டை காணாமல் போன காலத்தில்தான் எங்கள் வீட்டுக்குத் தாராக்கள் வந்தன. என் கணவர் வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. குசினிக்குப் பல்ப் வாங்கி வருகிறேன் என்று பாமன்கடைப் பக்கம் போனவர், துளை போட்ட அட்டைப்பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் ஏந்தியபடி ஆட்டோவிலிருந்து இறங்கினார். பெட்டிக்குள் ஆறு மஞ்சள் வாத்துக் குஞ்சுகள். பல்ப் வரவில்லை.

"முட்டைக்கு இனி லைனில நிக்கத் தேவையில்லை. ஆறும் பேடு. கடைக்காரன் சத்தியம் பண்ணினவன்," என்றார். "ஒக்கொம கேனு சேர், ஒக்கொம கேனு" என்று, எல்லாமே பெண்தான் எனக் கடைக்காரர் நெஞ்சில் கை வைத்துச் சிங்களத்தில் சொன்னதை அப்படியே நடித்தும் காட்டினார்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில் கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், இரண்டு மாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே நெருக்குப்பட்டு நிற்கும் பழைய வீடு. பின்வளவில் ஒரு மாமரம், உடுப்புத் தோய்க்கும் கல், யாரும் பாவிக்காத ஒரு குளியலறை. இரண்டு பக்கத்துப் பல்கனிகளும் அந்த வளவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

குஞ்சுகள் வளர்ந்தன. குரல் வந்தது. மூன்றுக்கு ஒழுங்கை முழுக்கக் கேட்கும் குரல். மற்ற மூன்றும் வாயைத் திறந்தால் தொண்டை கட்டியவரைப்போல "ஹ்ஹ்க், ஹ்ஹ்க்" என்று காற்றுத்தான் வந்தது.

"பாவம், தடிமன் பிடிச்சிட்டுது," என்று என் கணவர் கொத்தமல்லி அவித்தார். ஆறவைத்து, வடித்து, ஒவ்வொன்றையும் மடியில் இருத்தி, கண்ணுக்கு மருந்து விடும் குழாயால் அலகுக்குள் சொட்டுச் சொட்டாக விட்டார். எனக்குக் காய்ச்சல் வந்த எந்த நாளிலும் அவர் கொத்தமல்லி அவித்ததாக நினைவில்லை. ஒரு கிழமை வைத்தியம் நடந்தது. குரல் திறக்கவில்லை. பதிலுக்கு அந்த மூன்றின் வாலிலும் ஓர் இறகு மேல்நோக்கிச் சுருண்டது. நான் போனில் தாரா வளர்ப்பு வீடியோ ஒன்றைத் தேடிப் பார்த்தேன்.

"இஞ்சேருங்கோ," என்றேன், "அதுகளுக்குத் தடிமன் இல்லை. அதுகள் ஆம்பிளையள்."

அவர் மடியில் இருந்ததை இறக்கிவிட்டு, மருந்துக் குழாயைக் கழுவி வைத்தார்.

அதோடு உண்மையான தொல்லை தொடங்கியது. மூன்று பேட்டுக்கு மூன்று ஆண் என்பது ஒரு வளவு தாங்கக்கூடிய கணக்கல்ல. விடிந்தால் துரத்தல்தான். ஒரு பேட்டின் பிடரியில் இறகெல்லாம் கழன்று தோல் தெரிந்தது. அது தீன் தின்னவும் வராமல் தோய்க்கிற கல்லுக்குப் பின்னால் பதுங்கியது. பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது.

"முட்டை போட ஆம்பிளை தேவையில்லை. மூண்டையும் ஆருக்காவது குடுத்துவிடுங்கோ," என்றேன்.

"முட்டை போடாட்டி வீட்டில இருக்கக் கூடாதோ?"

"தின்னுறதும் கலைக்கிறதும்தானே அதுகளின்ர வேலை?"

"நானும் இப்ப வேலைக்குப் போறேல்லை. நீர் கவனிச்சுக்கொள்ளும், அடுத்தது நான்தான்," என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஓய்வுபெற்ற பிறகும் காலையில் சேர்ட்டை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, போக இடமில்லாமல் விறாந்தையில் பேப்பரோடு உட்காரும் மனிதர் அவர்.

இந்த இழுபறிக்குள் பக்கத்து மாடியில் இருக்கும் ஐயா ஒருவர் வந்து கேற்றைத் தட்டினார். ஓய்வுபெற்ற எஞ்சினியர்.

"பிள்ளை, விடிய வெள்ளன நித்திரை கொள்ள ஏலாமல் கிடக்கு. அந்த ஆண் தாராக்களை அனுப்பிவிடுங்கோ. கூவுறது சேவல்தானே, பேடு கூவுமோ?"

எனக்கு வாய்த்த ஒரே சாட்சி. ஆனால் அவர் சொன்னது பிழை.

"ஐயா, கத்துறது பேடுகள்," என்றார் என் கணவர். "ஆணுக்குச் சத்தமே வராது."

"என்னை விசரன் எண்டு நினைச்சீரோ, தம்பி?" என்று ஐயா போய்விட்டார்.

மறுநாள் வெள்ளனவே என் கணவர் மூன்று ஆண்களையும் பிடித்து, பின் குளியலறைக்குள் ஒரு பேசின் தண்ணீரோடு விட்டுக் கதவைச் சாத்தினார். வெளியே பேடுகள் வழமையைவிட இரண்டு மடங்கு கத்தின. சாரமும் கழுத்தில் மப்ளருமாக ஐயா படியிறங்கி வந்தார்.

"இண்டைக்கு எண்டால் அந்த மூண்டும் எல்லை மீறிட்டுதுகள்!"

என் கணவர் குளியலறைக் கதவைத் திறந்தார். பேசினுக்குள் மூன்றும் நெருக்கியடித்துக்கொண்டு நின்று ஐயாவைப் பார்த்தன. ஒன்று மட்டும் "ஹ்ஹ்க்" என்றது, மன்னிப்புக் கேட்பதுபோல.

ஐயா அவற்றையும் வளவையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப பேடுகளை அனுப்புங்கோ," என்றார்.

"அப்ப முட்டை?" என்று கேட்டேன்.

கடையில் முட்டை இல்லாதது ஐயாவுக்கும் தெரியும். அந்தக் கிழமையிலிருந்து அவர் வீட்டுக்கும் முட்டை கொண்டுபோய்க் கொடுத்தேன். சத்தம் நல்லாய்க் குறைந்துவிட்டது என்றார். குறையவே இல்லை.

வெற்றி என் கணவருக்கு. ஆனாலும் பிடரியில் இறகு கழன்ற பேட்டை அவரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்? ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "ஒண்டு நிக்கட்டும். மற்ற ரெண்டையும் நல்ல இடமாப் பார்த்து விடுவம்," என்றார். எந்த ஒன்று? அவரால் சொல்ல முடியவில்லை. மூன்றும் அவர் மடியில் கொத்தமல்லி குடித்தவை.

"அந்தப் பேடு ஆருக்குப் பக்கத்தில பயமில்லாமல் தின்னுதோ, அவன் நிக்கட்டும்," என்றேன்.

கதிரையைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் கவனித்தார். பிறகு, நேர்முகப் பரீட்சை முடிவை அறிவிப்பதுபோல, கழுத்தில் வெள்ளைக் கோடு போட்டவனைக் காட்டினார்.

மற்ற இரண்டையும் கேட்டது கொட்டாஞ்சேனையில் இருக்கும் அவருடைய நண்பர். துறைமுகத்தில் வேலை செய்தவர், கத்தோலிக்கர். மாதமோ மார்கழி, கிறிஸ்மஸ் நெருங்கும் நேரம்.

"நத்தாருக்குத் தாரா கேக்கிறாய். எண்ணம் என்ன?" என்றார் என் கணவர் போனில்.

"ஐயோ மச்சான், மாதா மேல சத்தியம், வெட்ட மாட்டேன்."

இரண்டும் போயின. என் கணவர் தினமும் வீடியோ கோல் எடுத்துத் தாராக்களைக் காட்டச் சொன்னார். நத்தாருக்கு முதல்நாள் நண்பர் போனை எடுக்கவில்லை. நத்தாரன்று காலையிலும் எடுக்கவில்லை. மத்தியானம் நாங்கள் பஸ் ஏறினோம்.

நண்பரின் வீட்டு வாசலிலேயே பொரித்த இறைச்சி மணம் முகத்தில் அடித்தது. நண்பரின் மனைவி, "வாங்க அண்ணே, சாப்பாடு ரெடி," என்றார். என் கணவர் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"என்ன இறைச்சி?"

"கோழிதான் அண்ணே. ஏன்?"

"தாரா எங்க?"

நண்பர் சிரித்துக்கொண்டே எங்களைத் தெரு முனைக்குக் கூட்டிப்போனார். அங்கே தெருக்காரர் கட்டிய பாலன் குடில். வைக்கோலுக்கு மேல் மாதா, சூசையப்பர், இடையர்கள், ஒட்டகத்தோடு ராசாக்கள். இடையர்களின் காலடியில் வேலி போட்டு, எங்கள் இரண்டு ஆண்கள்.

"ரெண்டு நாளா இங்கதான் காவல், அதான் போன் எடுக்கல. சத்தமே போட மாட்டாங்க மச்சான். பூசை நேரத்திலயும் ஒரு தொந்தரவு இல்ல. பாதர் சிலைன்னு நினைச்சுத் தடவப் போய், அங்கியைக் கவ்விட்டான் ஒருத்தன்."

சுற்றிநின்ற சனம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. என் கணவர் வேலிக்கு வெளியே குந்தியிருந்து கையை நீட்டினார். இரண்டும் வந்து அவர் விரலை மெல்லக் கொத்தின. பக்கத்தில் நின்ற ஒரு பெண், "அங்கிள், இது எங்க வாங்கினது?" என்று கேட்டார்.

"எங்கட பிள்ளையள்," என்றார் அவர்.

பிறகு வீட்டுக்குப் போய்க் கோழி இறைச்சியை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.