ராஜேஸ்வரி அக்காவின் நவம்பர்

அக்டோபர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரின் நிலையத்தில் ரயிலுக்காக நின்றபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. லூயிஷாமில் முதியவர்களுக்கான குடியிருப்பின் வார்டன் பேசினார். ராஜேஸ்வரியின் நெருங்கிய உறவினர் நீங்கள்தானே என்று கேட்டார். உறவில்லை, ஒன்றாக வேலை செய்தவர்கள் என்றேன். "படிவத்தில் உங்கள் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்" என்றார். காலையில் கதவு மணிக்குப் பதில் இல்லாததால் திறந்து பார்த்திருக்கிறார்கள். அக்கா கதிரையில் சாய்ந்து இருந்தபடியே இறந்துபோயிருந்தார். வானொலி மட்டும் பேசிக்கொண்டிருந்ததாம்.

வந்த ரயில் போனது. அடுத்ததும் போனது. என் பெயரை அந்தப் படிவத்தில் எழுதியதை அக்கா என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

கோயில் சமையலறையில் வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி வெட்டிய அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். கலியாணம் செய்யாதவர், அதிகம் பேசாதவர், ஊரைப் பற்றிக் கேட்டால் கத்தரிக்காயின் விலையைச் சொல்பவர். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. மிச்சத்தை இப்போது எழுதுகிறேன். அதற்கு அவரே எனக்கு அனுமதி தந்திருக்கிறார். "நான் போனாப் பிறகு சொல்லும். உயிரோடை இருக்கேக்கை வேண்டாம். பக்கத்தில இருந்து வெட்டுறவை எழும்பிப் போயிடுவினம்."

தென் லண்டனில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் நாங்கள் பதினாறு வருடங்கள் ஒன்றாக வேலை செய்தோம். நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டுகள் ஓடும் பெல்ட் பட்டியில் நகர்ந்து வரும். நான் மூடி போடுவேன். அக்கா கடைசியில் நின்று, எந்தத் தட்டு யாருக்கு என்று அட்டையைப் பார்த்துச் சரி செய்வார். நான் சேர்ந்த முதல் நவம்பரில், பதினோராம் தேதி பதினொரு மணிக்கு, மேற்பார்வையாளர் பட்டியை நிறுத்தினார். எல்லோரும் அசையாமல் நின்றார்கள். எனக்கு விஷயம் விளங்கவில்லை. மூடிகளைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். இரண்டு நிமிடமும் விடவில்லை.

பட்டி மறுபடி ஓடத் தொடங்கியதும் எனக்குக் கோபம் வந்தது. "வெள்ளைக்காரன்ரை சண்டைக்கு நாங்கள் ஏன் அக்கா நிக்கவேணும்?"

"சண்டைக்கில்லைப் பிள்ளை. செத்தவைக்கு."

அன்று மத்தியானம் சாப்பிடும்போதுதான் சொன்னார். முதலாவது உலகப் போரில் துப்பாக்கிகள் ஓய்ந்தது பதினோராம் மாதம் பதினோராம் தேதி பதினொரு மணிக்கு. குண்டு விழுந்து கிளறப்பட்ட அந்த மண்ணில்தான் சிவப்புப் பொப்பிப் பூக்கள் பூத்தன. அதனால்தான் இந்தக் கடதாசிப் பூவைச் சட்டையில் குத்துகிறார்கள். அந்தத் தேதிக்குக் கிட்ட வரும் ஞாயிற்றுக்கிழமையில் ஒவ்வொரு ஊரின் நினைவுத்தூணுக்கும் போய் மாலை வைப்பார்கள். "சண்டையில வெண்டதைச் சொல்லி மேளம் அடிக்கலாம். ஆனா அந்த நேரத்துக்குச் சத்தம் நிண்டது எண்டதைத்தான் நினைக்கினம். அதுதான் எனக்குப் பிடிக்கும்" என்றார்.

அதே மாதக் கடைசியில் எங்களுக்கும் அப்படி ஒரு நினைவு நாள் உண்டு. தமிழ் இயக்கத்தில் சேர்ந்து இலங்கை ராணுவத்தோடு நடந்த சண்டையில் செத்த என் தம்பிக்கு விளக்கேற்ற நான் ஒவ்வொரு வருடமும் போவேன். பெரிய மண்டபம், வரிசை வரிசையாகப் படங்கள், தாய்மாரின் அழுகை. அக்காவையும் கூப்பிடுவேன். "நீர் போட்டு வாரும். உம்மடை ஷிப்டை நான் செய்யிறன்" என்பார். மறுநாள், கூட்டமாக இருந்ததா, சாப்பிட்டீரா என்று கேட்பார். தம்பியைப் பற்றி மட்டும் கேட்கமாட்டார். இவருக்கு எங்கள் வலி விளங்காது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நவம்பர் ஞாயிற்றுக்கிழமை. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். சடங்கு முடிந்து ஆட்கள் கலைந்திருந்தார்கள். லூயிஷாம் நினைவுத்தூணுக்கு முன்னால் மழையில் அக்கா மட்டும் நின்றார். இறங்கிப் போனேன். என்ன அக்கா, தனிய நிக்கிறீங்கள் என்று கேட்டேன். 

"என்ரை அண்ணை ஆமியில இருந்தவர்."

பிரித்தானிய ராணுவமா என்று கேட்டேன். அக்கா தலையாட்டினார். "இல்லை. இலங்கை ஆமி. சண்டை தொடங்க முதலே சேர்ந்தவர். இடதுகாலால நல்லாப் பந்தடிப்பார். அதைப் பாத்துத்தான் ஆமியின்ரை பந்துக் குழுவுக்கு எடுத்தவங்கள். பிறகு லொறி ஓடவிட்டாங்கள். விட்டிட்டு வரப் பாத்தவர், ஏலாமப் போச்சு."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பி நடந்தேன். அடுத்த பஸ்ஸிலும் ஏறவில்லை. நனைந்துகொண்டே வீடு வரை நடந்தேன். தம்பியைக் கொன்ற படை அது. அதில் இருந்த ஒருவருக்காக மழையில் நின்ற பெண்ணின் கையால்தான் நான் இத்தனை வருடம் தேத்தண்ணி வாங்கிக் குடித்தேன் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் நான் அவரோடு பேசவில்லை. ஒரே பட்டியில், ஆறு அடி தூரத்தில் நின்று வேலை செய்தோம். "உப்பில்லாதது", "அரைச்சது", "வார்ட் நாலு". அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. அவரும் ஒரு சொல் விளக்கம் சொல்லவில்லை. அந்த ஒன்றரை வருடத்திலும் நவம்பர் கடைசி வந்தபோது ஷிப்ட் அட்டவணையில் என் பெயரை வெட்டித் தன் பெயரை எழுதியிருந்தார்.

அம்மா ஊரில் இறந்தபோது என்னால் போக முடியவில்லை. விசாச் சிக்கல். அப்போது நான் பார்க்கிங்குக்கு வீடு மாறிவிட்டேன். மூன்றாம் நாள் மத்தியானம் கதவு தட்டப்பட்டது. அக்கா, கையில் சோற்றுப் பெட்டியோடு. இரண்டு ரயில் மாறி வந்திருந்தார். உள்ளே வரட்டுமா என்று கேட்டார். நான் வழி விட்டேன். செத்தவீட்டுக்கு வரவேண்டிய ஆட்கள் எல்லாம் தொலைபேசியில் வந்து போயிருந்தார்கள். வீட்டுக்குள் வந்து இருந்தவர் அவர் ஒருத்திதான்.

வெகு நேரம் கழித்துக் கேட்டேன். "உங்கடை அண்ணை என்னெண்டு செத்தவர்?"

"கண்ணிவெடி. ஆமிக் காம்பில பெட்டியைத் திறக்க விடேல்லை. ஊருக்கும் கொண்டுவர ஏலாது. அம்மா யன்னல் எல்லாத்தையும் சாத்திப்போட்டுத்தான் அழுதவ. வெளியில கேட்டாத் துரோகியின்ரை வீடு எண்டு இயக்கப் பெடியள் வந்திடுவாங்கள். ஒரு சனம் வரேல்லை."

நான் சொல்லாமலே விட்டிருக்கலாம். அவருக்கு ஒருக்காலும் தெரிய வந்திராது. ஆனால் சொன்னேன். "என்ரை தம்பி கண்ணிவெடி வைக்கிற வேலைதான் செய்தவன் அக்கா. அந்தக் காலத்தில, அந்தப் பக்கந்தான்."

அக்கா சோற்றுப் பெட்டியின் மூடியை மூடினார். திறந்தார். பிறகு சொன்னார்.

"அது உம்மடை தம்பியா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்கு அது தெரியத் தேவையில்லை. நீர் சாப்பிடும்."

சாப்பிட்டேன். புளிக்குழம்பும் சோறும். அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

அடுத்த நவம்பரில் நினைவுத்தூணடியில் அவருக்குப் பக்கத்தில் நானும் நின்றேன். எக்காளம் ஊதி முடிந்து, அமைதி வந்து, போனது. திரும்பி நடக்கும்போது சொன்னார். "ரெண்டு நிமிசம் பிள்ளை. ஒண்டு அண்ணைக்கு. ஒண்டு உம்மடை தம்பிக்கு."

எப்போதிருந்து என்று கேட்டேன்.

"நீர் என்னோடை கதைக்காமல் விட்ட வருசத்திலயிருந்து."

அவருடைய கடைசிப் பயணத்துக்கு எட்டுப் பேர் வந்தோம். கோயிலிலிருந்து மூவர், பழைய சமையலறை ஆட்கள் மூவர், வார்டன், நான். தேவாரம் பாட வந்தவர் குடும்பத்தின் பெயர்களைக் கேட்டார். அண்ணனின் பெயரைச் சொல்ல வாய் வந்தது. கோயில் ஆட்களைப் பார்த்து, பேசாமல் இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் அந்த வெட்கம் போகவில்லை. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பத்து நாட்களுக்குப் பின் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. தனியாகப் போய் நின்றேன். பக்கத்தில் பதக்கங்கள் குத்திய ஒரு வெள்ளைக்காரக் கிழவர். யாருக்காக வந்திருக்கிறாய் என்று மரியாதையாகக் கேட்டார். என் தம்பிக்கும், என் சிநேகிதியின் அண்ணனுக்கும் என்றேன். ஒரே படையா என்று கேட்டார்.

"இல்லை, எதிர் எதிர்ப் படை" என்றேன்.

 அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அமைதி தொடங்கியது. இரண்டு நிமிடம் இவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அக்கா வைத்திருந்த பாத்திரங்களையும் சேலைகளையும் வார்டன் தருமத்துக்குப் பழைய பொருள் விற்கும் கடைக்குக் கொடுத்துவிட்டார். நான் எதையும் எடுக்கவில்லை. அவரிடமிருந்து என்னோடு இருப்பது ஒரு பெயர். கல்லிலோ மண்டபச் சுவரிலோ அக்கா அதைப் பார்த்ததில்லை. கடைசி நாட்களில் என்னிடம் மட்டும், ஒருதரம் வாய்விட்டுச் சொன்னார். குணரத்தினம். லொறிச் சாரதி. ராஜேஸ்வரியின் அண்ணன். செத்தபோது வயது இருபத்தொன்பது.

இதுவரை லண்டனில் அந்தப் பெயர் எனக்கு மட்டுமே தெரியும். இனி உங்களுக்கும் தெரியும்.