கரடிக்குள் முயல்

கரடியின் தலையை மாட்டிக்கொள்வதற்கு முன் அதற்குள் ஊதிப் பார்ப்பாள், பூச்சி இருக்கக்கூடும். கழுத்துப் பட்டையை இழுத்துப் பார்ப்பாள், கழன்றுவிடக்கூடும். தலை உள்ளே போனதும்தான் அவளுக்கு மூச்சே சீராகும். மற்றவர்களுக்கு அந்தப் பஞ்சு உடை வெந்நீர் அடுப்பு. அவளுக்கு அது தாழ்ப்பாள் போட்ட அறை.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. தோழிகள் வைத்த பெயர் முயல். லிஃப்டில் தனியாக ஏறமாட்டாள். ஆள் இருந்தால் நிச்சயமாக ஏறமாட்டாள். பேருந்தை நிறுத்தச் சொல்ல நா எழாது. வேறு யாராவது இறங்கும் இடத்தில் இறங்கித் திரும்பி நடப்பாள். எதற்குக் கூப்பிட்டாலும், "இதோ வந்துடறேன்" என்பாள். வரமாட்டாள்.

இந்த விடுமுறையில் மாணவர்கள் சிலர் கடல் கடந்து, ஆசிரியர் போதாத ஒரு சின்னப் பள்ளியில் பாடம் நடத்தப் போகிறார்கள். அந்தப் பள்ளிக்குக் கூரையும் புத்தகமும் வாங்கித் தர, சனிக்கிழமைகளில் ரயில் நிலைய வாசலில், கூட்டத்தை ஈர்க்க ஒருவர் கரடி வேடம் போட்டு, உண்டியல் ஏந்துகிறார்கள். முயலும் பெயர் கொடுத்திருக்கிறாள் என்று கேட்டு அம்மா போனிலேயே சிரித்துவிட்டாள்.

"தண்ணி கேன் போடறவர் பெல் அடிச்சாலே கட்டிலுக்கடியில போவே. நீயா வெளிநாடு போய் டீச்சர் வேலை பாக்கப்போற?"

அம்மாவுக்கு ஒன்று தெரியாது. நூலகத்தின் பின்னறையில் துப்புரவுப் பணியாளர்களின் குழந்தைகளுக்கு அவள் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும்போது குரல் வராந்தாவரை கேட்கும். குழந்தைகள் முன்னால் மட்டும் அவளுக்குக் கை நடுங்குவதில்லை. அப்படி ஒரு அறை கடலுக்கு அப்பாலும் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து, அங்கே போகாமல் நின்றுவிடுவோமோ என்ற பயம் மற்றப் பயங்களோடு சேர்ந்துகொண்டது.

குழுத் தலைவி கறாரான சீனியர். அன்று காலை கரடியின் தோளில் தட்டினாள்.

"மத்தியானத்துக்கு மேல தலையைக் கழட்டிட்டு நில்லுடி. கரடி பாடம் நடத்தாது. இன்னைக்கும் முகம் பார்த்துக் கேக்கலைன்னா உன் இடம் அடுத்தவளுக்கு."

கரடிக்குள்ளிருந்து, "இதோ வந்துடறேன்க்கா" என்று வந்தது.

மத்தியானம் தாண்டியது. கரடி தூணுக்குத் தூண் நகர்ந்துகொண்டிருந்தது. வாய் ஓட்டை வழியாகத்தான் வெளியே பார்க்க வேண்டும். மனிதர்களின் இடுப்பும் செருப்பும் தெரியும், முகம் தெரியாது. அதுவே அவளுக்குப் போதும். தலைவியின் சிவப்புக் காலணி தேடிக்கொண்டு வருவது தெரிந்ததும் சட்டென்று திரும்பினாள்.

எதிரே ஒரு சின்னப் பெண். அம்மா டிக்கெட் வரிசையில் நிற்க, கையை விட்டுவிட்டு வந்தவள், கரடியைப் பக்கத்தில் கண்டதும் வீரிட்டாள். சமாதானம் செய்யக் கரடி ஓரடி வைத்தது. குழந்தை ஓரடி பின்வாங்கியது. அதன் முதுகுக்குப் பின்னால் சுரங்கப்பாதைக்கு இறங்கும் படிகள்.

முயல் அப்படியே நின்றாள். ஓடிப் பிடிக்கலாமென்றால் குழந்தையும் ஓடும். "நில்லு பாப்பா" என்று சொன்னது பஞ்சுக்குள் உருண்டு உறுமலாக வெளியே போனது. குழந்தையின் குதிகால் படியின் விளிம்பைத் தொட்டது.

தலையை இரண்டு கையாலும் பிடுங்கி எடுத்தாள். கழுத்தில் மாட்டியிருந்த கயிறு அறுந்து, உண்டியல் படிகளில் உருண்டு போனது.

"பாப்பா, பாரு. கரடி இல்லை, அக்காதான். எனக்குமே இதைப் பார்த்தா பயம்."

குழந்தை நின்றது. வேர்வையில் நனைந்த அந்த முகத்தை உற்றுப் பார்த்தது. விக்கலுக்கு நடுவே கேட்டது: "உள்ள இருட்டா?"

"ரொம்ப இருட்டு."

அம்மாக்காரி ஓடி வந்து வாரி எடுத்துக்கொண்டு போனாள். அப்போதுதான் முயல் நிமிர்ந்தாள். வாசல் முழுக்க முகங்கள். எல்லாம் அவளையே பார்த்தன. கைகள் தலையைத் திரும்ப மாட்டிக்கொள்ளத் தூக்கின. தூக்கியவை மார்புக்கு நேரே நின்றன.

முதலில் வந்தவரின் கண்களைப் பார்த்தாள். கரடித் தலையைத் தலைகீழாகத் திருப்பி அவர் முன்னால் ஏந்தினாள். அதன் காதுகள் இரண்டும் கிடுகிடுவென்று ஆடின.