அக்காவின் பாலைச் சுமந்த காலைகள்

அக்காவுக்கு எட்டாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினால் அதற்குள் அடங்கிவிடும். மாரில் வைத்தால் நான்கு முறை உறிஞ்சும். ஐந்தாவதற்குள் களைத்துத் தூங்கிவிடும். அதனால் அக்கா பாலைச் செம்பில் பீய்ச்சி, மூக்கு வைத்த சின்னச் சங்கால் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவாள். ஒரு வேளை கொடுத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். முடித்து நிமிர்வதற்குள் அடுத்த வேளை வந்துவிடும்.

சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாங்கள் இருந்தோம். மச்சான் காலில் புண் புரையோடி மலாக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். மலாக்காவில் ஏழாம் வகுப்பு வரை ஆங்கிலம் படித்துவிட்டு, ரப்பர் விலை விழுந்து எந்த ஆபீசிலும் ஆள் எடுக்காத காலத்தில், அக்காவின் லயத்து வரிசை வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிள்ளை பிறந்து முப்பது நாள் ஆனதும் அக்காவை மறுபடி மரம் வெட்ட, ரப்பர் பாலுக்குப் பட்டை சீவ, வரச் சொல்லிவிட்டார்கள்.

விடிவதற்கு முன் பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. அங்கே பேர் கொடுத்துவிட்டுப் போனால் ரப்பர் பால் வாளியோடு திரும்ப மத்தியானம் ஆகிவிடும். ஆகவே அக்கா கிளம்புவதற்கு முன் செம்பு நிறையப் பீய்ச்சித் துணி கட்டித் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். பிள்ளையையும் செம்பையும் ஆயாக் கொட்டகையில் கொண்டுபோய் விடுவது என் வேலை. லயத்துக் கைக்குழந்தைகள் எல்லாம் அங்கேதான் தூளியில் கிடக்கும்.

அக்கா வேலைக்குத் திரும்பிய நான்காம் நாள் பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. பச்சையாக, தண்ணீராகப் போயிற்று. ஏற்கெனவே தோல் மட்டும்தான் இருந்தது. இரண்டு நாளில் கண்ணும் உள்ளே போய்விட்டது. செம்பை முகர்ந்து பார்த்தேன். பத்து மணிக்கே புளித்த வாடை.

எனக்குப் பள்ளியில் படித்த சுகாதாரப் பாடம் நினைவுக்கு வந்தது. பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது, அதில் கிருமி இருக்கும். அக்காவிடம் சொன்னேன்.

"அடப் பாவி, தாய்ப்பாலை யாராவது அடுப்புல வைப்பாங்களாடா?" என்றாள். "நெருப்பு பட்டா மாரு வத்திப் போயிடும். மிச்சத்தக்கூட நாங்க செவுத்துல பீச்சுவோம், அடுப்புப் பக்கம் கொண்டுபோக மாட்டோம்."

"அதெல்லாம் மூட நம்பிக்கைக்கா."

"உனக்கு மாரு இருக்கா? பேசாம போ."

அவள் பெரட்டுக்குப் போனதும் நான் அடுப்பு மூட்டினேன். மூன்று நாள் அவளுக்குத் தெரியாமல் பாலைக் காய்ச்சி, ஆற்றி, அதே செம்பில் ஊற்றிக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. மூன்றாம் நாள் கொட்டகை ஆயா செம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, இதுல ஆடை கட்டியிருக்கு?"

செம்பை வாங்கக் கை நீட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. மத்தியானம் ரப்பர் பால் நிறுக்கும் இடத்திலேயே அக்காவின் காதில் போட்டுவிட்டாள். அக்கா வீட்டுக்கு வந்து என்னைத் திட்டவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அன்று மாலை பீய்ச்சியபோது செம்பில் அடி மட்டும்தான் நனைந்தது. மறுநாள் காலையிலும் அப்படித்தான்.

"எரிச்சுட்டான், எரிச்சுட்டான்" என்று லயம் முழுவதும் பேச்சு. ஆற்றுத் துறையில் ஒரு பெண் என்னைப் பார்த்து, "படிச்ச புள்ள வீட்டுல இருந்தா அடுப்புக்கு வேலை ஜாஸ்தி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் நம்பவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தச் செம்பின் அடியைத் திரும்பத் திரும்பச் சாய்த்துப் பார்த்தேன்.

அந்த வாரம் மச்சானைப் பார்க்க மலாக்காவுக்கு பஸ் ஏறினேன். அவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ் தமிழ்ப் பெண், டவுனிலேயே பிறந்து வளர்ந்து பேச்சில் மலாய் 'லா' ஒட்டிக்கொண்டவள், என் வயதுதான் இருக்கும். வெட்கத்தை விட்டு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையில் இருந்த கத்தரியைக் கீழே வைத்தாள்.

"பாலைக் காய்ச்சினீங்க. சரி. செம்பைக் காய்ச்சினீங்களா?"

"இல்லை. சாம்பல் போட்டு விளக்குவோம்."

"எந்தத் தண்ணில?"

"ஆத்துத் தண்ணி."

"நல்லா இருக்கு லா. காய்ச்ச வேண்டியதை விட்டுட்டீங்க, காய்ச்சக் கூடாததைக் காய்ச்சிட்டீங்க." பக்கத்துக் கட்டிலில் ஒருவர் சிரித்தார். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு அவள் கட்டைப் போட்டுக்கொண்டே சொன்னாள். பால் சுத்தமாகத்தான் வருகிறது. கையும் பாத்திரமும்தான் அழுக்கு. செம்பு, சங்கு, மூடுகிற துணி மூன்றையும் கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டும். இந்த வெக்கையில் பீய்ச்சிய பால் மூன்று மணி, மிஞ்சினால் நான்கு மணி நேரம்தான் தாங்கும். பிள்ளை வாய் வைத்துக் குடித்த மிச்சத்தை மறுவேளைக்கு வைக்கக் கூடாது. பழைய பாலோடு புதுப் பாலைக் கலக்கக் கூடாது. சூடு வேண்டுமானால் வெந்நீரில் கிண்ணத்தை நிறுத்தி வைத்தால் போதும்.

"பால் குறைஞ்சிடுச்சே?" என்று கேட்டேன்.

"அழுதுகிட்டே தூங்காம இருந்தா யாருக்குத்தான் பால் வரும்? பீச்சப் பீச்சத் திரும்பி வரும். போய் அவங்ககிட்ட மன்னிப்பு கேளுங்க."

அன்று மாலை கேட்டேன். அக்கா பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டே, "எனக்கு ஒளிச்சு செஞ்சியே, அதான்டா" என்றாள்.

பாத்திரத்தைக் கொதிக்க வைப்பதற்கும் அவள் முதலில் இணங்கவில்லை. செம்பில் ஒட்டியிருக்கிற பாலும் பால்தானே, அதுவும் நெருப்பில் வேகுமே என்றாள். இந்த முறை நான் வாதாடவில்லை. கடைசியில் அவளே ஒரு வழி கண்டாள். செம்பையும் சங்கையும் முதலில் மூன்று தண்ணீர் விட்டு அலம்பி, அந்தத் தண்ணீரைச் செடி அடியில் ஊற்றிவிட வேண்டும். அதன் பிறகு ஒரு துளிப் பால்கூட அதில் இல்லை என்று அவள் விரலால் தடவிப் பார்த்துச் சொல்வாள். அதற்கு மேல்தான் அடுப்பு. நர்ஸ் கேட்டிருந்தால் அதைவிட நல்ல முறை இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.

ஆனால் நேரக் கணக்கு உதைத்தது. விடிகாலை ஐந்து மணிக்குப் பீய்ச்சியது மத்தியானம் வரை தாங்காது. நடுவில் ஒரு முறை ரப்பர்க் காட்டிலேயே பீய்ச்ச வேண்டும். யாராவது கொண்டுவர வேண்டும். சும்மா இருந்தவன் நான்தான்.

தினமும் எட்டு மணிக்குக் கிளம்புவேன். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு போத்தல், சோப்புத் துண்டு, கொதித்த செம்பு, கொதித்த துணி. அக்கா வெட்டும் மர வரிசைக்கு, அவள் நிரைக்கு, ஒன்றரை மைல். மழை பெய்த மறுநாள் வழியெல்லாம் அட்டை. அக்கா கடைசி மரத்தை வெட்டிவிட்டு வருவாள். நகக்கண்ணில் ரப்பர் பால் காய்ந்து கறுத்திருக்கும். அதைச் சுரண்டி, சோப்புப் போட்டு, முழங்கை வரை கழுவுவதற்கே போத்தலில் பாதி போய்விடும். பிறகு மரத்துக்குப் பின்னால் உட்காருவாள். நான் முதுகைக் காட்டி நின்று கொசு அடித்துக்கொண்டிருப்பேன். முதல் வாரத்தில் செம்பில் கால்வாசி வந்தது. சில நாள் அதுவும் இல்லை. "நீ போய் அந்தப் பக்கம் நில்லு, நீ நின்னா வரமாட்டேங்குது" என்பாள். நான் இன்னும் பத்து மரம் தள்ளிப் போய் நிற்பேன்.

கங்காணி ஒரு நாள் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன தம்பி, இங்கிலீஷ் படிச்சது செம்பு தூக்கத்தானா?"

"ஆமாங்க."

"பிள்ளை எப்படி இருக்கு?"

"இன்னும் போகுதுங்க."

அவர் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

திரும்பும்போது செம்பைச் சுற்றி ஈரத் துணி. வெயிலில் துணி காயாமல் வழியில் ஓடையில் நனைத்துக்கொள்வேன், தண்ணீர் உள்ளே போய்விடாமல் செம்பின் வாயைப் பொத்திக்கொண்டு. கொட்டகையில் ஆயாவின் கையைக் கழுவச் சொல்வது எல்லாவற்றிலும் கஷ்டம். "எத்தனை பிள்ளைய வளத்த கை தெரியுமா இது?" என்பாள். கழுவவும் கழுவுவாள். மீந்த பாலை அவள் பத்திரப்படுத்தப் பார்ப்பாள். நான் வாங்கிக் கொட்டிவிடுவேன். அக்கா எலும்பு நோகப் பீய்ச்சியதைக் கொட்டும்போது என் கை ஒவ்வொரு தடவையும் தயங்கும்.

பத்து நாளில் வயிற்றுப்போக்கு நின்றது. யாரும் பெரிதாகச் சந்தோஷப்படவில்லை, அதற்குத் தெம்பில்லை. அக்கா சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கினாள். நான் அடுப்பின் முன்னால் தூங்கி, சங்கு கொதித்துத் தண்ணீர் வற்றிக் கருகும் வாடையில் விழிப்பேன். பிள்ளையின் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்ததை முதலில் கவனித்தவள் ஆயாதான்.

இப்படி ஐந்து வாரம் போயிற்று. ஒரு மத்தியானம் அக்கா வந்து, கழுவி, பிள்ளையை மடியில் போட்டுச் சங்கை எடுத்தாள். பிள்ளை வாயை மூடிக்கொண்டு தலையைத் திருப்பியது. மறுபடி வைத்தாள். கையால் தட்டிவிட்டது. மறுபடியும் வயிறு கெட்டுவிட்டதோ என்று பிள்ளையின் துணியைத் தொட்டுப் பார்த்தேன். அக்கா சங்கைக் கீழே வைத்துவிட்டு மாரில் வைத்துப் பார்த்தாள். நான் வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. நான்கு உறிஞ்சு முடிந்து தூங்கியிருக்கும் என்று நினைத்தேன். வெகுநேரம் கழித்து அக்காவின் குரல் மட்டும், பிள்ளை பயந்துவிடக் கூடாது என்பது போல் தாழ்ந்து வந்தது.

"தம்பி. இன்னும் குடிக்குதுடா."

"ம்."

"நாளைக்குச் செம்பு வேணாம்."

அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன்.

"பிள்ளையவே காட்டுக்குத் தூக்கிட்டு வந்துடு. ஒன்பது மணிக்கு. அட்டை ஏறாம துணிய நல்லா சுத்திக்க."

சரி என்றேன்.