கோடு அலைகிறது

தலையக்கா தனியாகக் கம்பெனி தொடங்கப் போகிறாளாம். வாசல் காவலர் கணக்குப் பிரிவில் சொல்லி, கணக்குப் பிரிவு முடிக்காரரிடம் சொல்லி, முடிக்காரர் காபி மிஷின் பக்கத்தில் நின்று, "நான் சொன்னதா இருக்க வேணாம்" என்ற முன்னுரையோடு எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. இல்லாவிட்டால் எதற்காக ஒருத்தி படம் வரைகிற டேப்லெட் ஒன்றைக் கடையில் வாங்கி, அடுத்த சனிக்கிழமையே திருப்பிக் கொடுத்து, வேறொன்றைத் தூக்கி வருகிறாள்? ஆபீஸ் கொடுத்த டேப்லெட்தான் மேசையை அடைத்துக்கொண்டு கிடக்கிறதே!

வதந்தி அவள் காதுக்கும் வந்தது. "ஆமா, உன்னைத்தான் முதல்ல எடுக்கப் போறேன். தரை துடைக்க" என்று முடிக்காரரிடம் சொல்லிச் சிரித்தாள். மறுக்கவில்லை. இது பரவுகிறவரை நல்லது. வேறொன்று பரவாமல் இருக்கும்.

கார்ட்டூன் படங்களுக்கும் வீடியோ கேம்களுக்கும் கணினியில் உருவங்கள் செய்கிற ஆபீஸ் அது. அவளுக்குத் தலைகள் மட்டும். திரையில் ஓர் உருண்டையைப் போட்டு, களிமண்ணைப் பிசைகிற மாதிரி பேனாவால் அழுத்தி, இழுத்து, சுரண்டி முகமாக்கிவிடுவாள். பூதம், கிழட்டு ஆமை, பல் போன ராஜா. அந்தத் தலைகளுக்கு மயிர் நடுவது முடிக்காரர் வேலை. அவர் தலையில் நட ஒன்றுமில்லை என்பதில் ஆபீசுக்கு இன்றுவரை அலுக்காத சிரிப்பு.

"மூக்கை முதல்ல பிடி. மூக்கு கிடைச்சா முகம் தானா ஓடி வரும்" என்பாள். கை திரையில் வழுக்கிப் போவதற்காகப் பழைய காலுறையை வெட்டி, இரண்டு விரலுக்கு மட்டும் உறை தைத்துப் போட்டுக்கொள்வாள். ஒரு நாள் கட்டம் போட்டது, ஒரு நாள் வாத்துப் படம் போட்டது. பஸ்ஸில் எதிரே இருக்கிறவரின் தாடையிலேயே கண்ணை வைத்து, இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விடுவாள்.

டேப்லெட் வாங்க நினைக்கிற யாரும் அவளைக் கேட்காமல் வாங்கியதில்லை. அவளுடைய சோதனை ஒன்றே ஒன்றுதான். "பெரிசு, சின்னது, விலை எல்லாம் அப்புறம். ஸ்கேலை வச்சு, சாய்வா, மெதுவா, தூங்கி வழியற மாதிரி ஒரு கோடு போடு. மட்டமான டேப்லெட்னா அப்பவும் கோடு நெளியும். ஸ்கேல் இல்லாம போட்டேன்னா தப்பு அதோடதா, உன் கையோடதான்னு தெரியாது."

இந்தச் சில மாதங்களாக அவள் கடைக்கு ஸ்கேல் கொண்டுபோவதில்லை.

ஆமையின் கண்ணிமையில்தான் அது ஆரம்பித்தது. ஓரம் வழவழவென்று வராமல் பல் பல்லாக வந்தது. காபிதான் காரணம் என்று காபியை விட்டாள். பேனா முனையை மாற்றினாள். கோட்டைத் தானே நேராக்கித் தருகிற வசதி ஒன்று மென்பொருளில் உண்டு. புதிதாக வருகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டால், "என்னப்பா, இந்த வயசுலயே கைத்தடியா?" என்று வாருவாள். இப்போது தன் கணினியில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போகிறாள். முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் திரையில் அந்த வசதி இருக்கிற ஜன்னலைச் சட்டென்று மூடிவிடுகிறாள். கை நடுங்குகிறவளிடம் யார் தலையைக் கொடுப்பார்கள்?

திரையுள்ள டேப்லெட்டில் கையும் கோடும் ஒரே இடத்தில் தெரியும். திரை இல்லாத வெறும் பலகை என்றால் கண் மேலே மானிட்டரில் இருக்கும், கை கீழே எங்கேயோ கிடக்கும். "பலகையில செதுக்கறது கண்ணைக் கட்டிக்கிட்டுச் சாப்பிடற மாதிரி" என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், வெறும் பலகையாகப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டிருந்தாள்.

கடல் தாண்டி வேறொரு நாட்டில் இருக்கிற அவள் அண்ணன் பல் டாக்டர். அவனுக்கும் முதலில் நடுங்கத் தொடங்கியது சுண்டுவிரல்தான். கருவி சரியில்லை, நாற்காலி உயரம் சரியில்லை என்று சாமான்களை மாற்றிக்கொண்டே இருந்தான். ஒரு நாள் நோயாளி ஒருத்தியின் உதடு கிழிந்தது. மறுநாள் கிளினிக்கைப் பூட்டினான். "சில குடும்பத்துல இது ஒருத்தரோட நிக்காதாம். உனக்கு ஒண்ணும் இல்லையேம்மா?" என்று அவன் கேட்டபோது, "கல்லு மாதிரி இருக்குண்ணே" என்றாள். அதற்குப் பிறகு அவன் அழைப்பை அவள் எடுப்பதே இல்லை, மெசேஜோடு சரி.

போன சனிக்கிழமையும் பெட்டியோடு கடைக்குப் போனாள்.

"இதுவுமா மேடம்?" என்றார் கடைக்காரர்.

"கோடு அலையுதுங்க."

"முன்னாடி குடுத்ததைக் கம்பெனிக்கே அனுப்பிப் பாத்தேன். ஒரு குறையும் இல்லைன்னு திருப்பிட்டாங்களே."

"அவங்க மேலோட்டமா பாத்திருப்பாங்க. வேலை செஞ்சு பாத்தாத்தானே தெரியும்."

"அட, முதலாளியம்மா!" என்று பின்னாலிருந்து குரல். முடிக்காரர். வீட்டில் வைத்து வேலை பார்க்க அவருக்கும் ஒரு டேப்லெட் தேவைப்பட்டிருக்கிறது. கையில் அவள் சொல்லிக்கொடுத்தபடியே ஸ்கேல். அவள் தடுப்பதற்குள் அவள் கொண்டுவந்த பலகையைக் கடைக் கணினியில் மாட்டி, ஸ்கேலை வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு மெதுவாக இழுத்தார்.

"உங்க பாடம்தான்க்கா. பாருங்க, கம்பி மாதிரி வருது! இதைப் போய் அலையுதுன்னு..."

அவர் பார்வை மானிட்டரிலிருந்து இறங்கி, மேசை விளிம்பைப் பற்றியிருந்த அவள் வலது கைக்கு வந்தது.

"குடு" என்று பேனாவை வாங்கினாள். ஸ்கேலோடு ஒன்று இழுத்தாள். நேராக வந்தது. ஸ்கேலை எடுத்துவிட்டு, அதற்குக் கீழேயே இன்னொன்று இழுத்தாள். கடைக்காரர் பெட்டிமேல் இல்லாத தூசியைத் தட்டினார்.

"கரண்டு ஏத்த இறக்கமா இருக்கும்க்கா" என்றார் முடிக்காரர், அவருக்கே நம்பிக்கையில்லாத குரலில். "நான் ஒண்ணும் பாக்கலை."

"பாத்துட்டே. நல்ல சாமான்தான், நீயே வாங்கிக்கோ."

படிக்கட்டுக்கு வந்தாள். கீழே தெருவில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. எல்லா ஜன்னலிலும் முகங்கள், ஒன்றின் தாடையும் அவள் கண்ணில் நிற்கவில்லை. வலது கையை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடது கட்டைவிரலால் அண்ணன் எண்ணைத் தேடி அழுத்தினாள். அவன் எடுக்க நேரமாகும். அங்கே அவன் கட்டைவிரல் போன் திரையின் பச்சை வட்டத்தைத் தேடித் தேடித் தப்பவிடும். பொறுமையாகக் காத்திருக்க வேண்டும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

மணி அடித்தது. வைத்துவிடலாமா என்று தோன்றியது. இடுக்கியிருந்த கையை வெளியே எடுத்து, போனை அதற்கு மாற்றினாள். போன் அவள் காதுமடலில் லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தது. மறுமுனையில் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.