கிரேவிக்காக விற்ற ஆறடி

லிண்ட்சே ட்ரென்கோவின் பெயர் அவர் உயிரோடு இருக்கும்போதே கல்லறைக் கல்லில் ஏறிவிட்டது. சிக்கனம்தான் காரணம். ஆறு வருடத்துக்கு முன்னால் மனைவி கிளெனிஸ் இறந்தபோது, கல் வெட்டுகிறவர் நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளியிருந்து வரவேண்டியிருந்தது. வண்டிச் செலவு தனி. இரண்டு பெயரையும் ஒரே நடையில் வெட்டிவிட்டால் பாதிச் செலவு மிச்சம். எங்கள் கோதுமைச் சீமையில் இதை யாரும் அபசகுனம் என்று சொல்வதில்லை, புத்திசாலித்தனம் என்பார்கள். கிளெனிஸின் பெயருக்குக் கீழே அவர் பெயர், பிறந்த வருடம் 1950, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு, அப்புறம் வெற்றிடம். ஊரில் பாதிக் கிழவர்களுக்கு இப்படி ஒரு கோடு காத்துக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூ வைக்கப் போகிறவர்கள் அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, வாடகை பாக்கி இல்லாதவர்களைப்போல நிம்மதியாகத் திரும்புவார்கள்.

லிண்ட்சே முப்பத்தொரு வருடம் தானியக் கிடங்கின் எடைமேடையில் லாரிகளை எடைபோட்டவர். ஒரு கிலோ கூட்டியும் எழுதமாட்டார், குறைத்தும் எழுதமாட்டார். அதனால் ஊருக்கு அவர்மேல் மரியாதை உண்டு. பிரியம் என்று சொல்லமுடியாது. பிரியம் வைத்த ஜீவன் ஒன்றுதான், கிரேவி. குழம்பு நிறத்தில், கெல்பி என்ற ஆடுமேய்க்கும் இனத்து நாய். பெயர் வைத்தவள் கிளெனிஸ். வயது ஒன்பது.

மார்ச் மாதம் கிரேவி சாப்பாட்டை மோந்துவிட்டு விலக ஆரம்பித்தது. அடிலெய்டில் ஒரு மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்து, மண்ணீரலில் கட்டி, ஆரஞ்சுப்பழ அளவு, எந்த நேரமும் வெடிக்கலாம் என்றார்கள். அடுத்த வாரம் வியாழக்கிழமை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். எட்டாயிரத்து நானூறு டாலர், கத்தி வைப்பதற்கு முன்னால் கட்டிவிடவேண்டும். அந்தத் தொகையைச் சொன்ன இளம் டாக்டரம்மாள், வேறு வழியும் இருக்கிறது, வலியில்லாமல் ஒரே ஊசி, அதற்கு இருநூற்றெண்பதுதான் ஆகும் என்று மெதுவாகச் சொன்னாள். எது மலிவு என்று லிண்ட்சேவுக்குத் தெரியாமல் இல்லை. எழுந்து, நாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வங்கியில் ஆயிரத்து நூறு இருந்தது. புல்தரையில் பந்துருட்டும் கிளப்பில், இறைச்சித் தட்டைப் பரிசாக வைக்கும் வெள்ளிக்கிழமைக் குலுக்கலை கிரேவிக்காக நடத்தினார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு டாலர் சேர்ந்தது. முதல் பரிசுத் தட்டு, ஆறு ஆட்டுத் துண்டும் ஒரு கிலோ சாசேஜும், லிண்ட்சேவுக்கே விழுந்து தொலைத்தது. வேண்டாமென்றால் திமிர், வாங்கினால் பேராசை. வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் கிரேவிக்காக வைத்த உண்டியல் பக்கம் யாரும் வரவில்லை.

பிறகுதான் அந்தக் கோடு ஞாபகம் வந்தது.

பழைய மயானத்தில், கிளெனிஸ் படுத்திருக்கும் மிளகுமரத்து நிழலில் இனி புது இடம் கிடையாது. நிரம்பிவிட்டது. புதிதாகச் சாகிறவர்களுக்கு நெடுஞ்சாலைப் பக்கம் மொட்டை வெயிலில்தான் இடம். நிழலில் ஆறடி வைத்திருப்பவர் ஒருவகையில் நிலச்சுவான்தார். ஊராட்சி அலுவலகத்து எழுத்தர் லொரேனிடம் தன் இடத்தைப் பற்றி விசாரித்தார். திருப்பி எடுத்துக்கொள்வோம், வாங்கின விலைக்கே, முந்நூற்று எண்பது என்றாள். சாயங்காலத்துக்குள் விஷயம் ஊரெல்லாம் பரவியது. இருட்டுவதற்கு முன்னால் கோலின் மேடன் வந்து வாசலில் நின்றார்.

கோலின் யாரென்று எங்கள் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். 1972-இல் கிளெனிஸுக்கு நிச்சயமான மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவள் மோதிரத்தைக் கழற்றி உறையில் போட்டு அனுப்பிவிட்டாள். மனுஷர் அப்புறம் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பணம் மட்டும் செய்துகொண்டார்.

"உனக்கு அந்த இடம் வேண்டாம்னா எனக்கு வேணும், லின். எட்டாயிரம் தர்றேன்."

"நிழலுக்காகவா?"

"வெயில் எனக்கு ஒத்துக்காதுன்னுதான் உனக்குத் தெரியுமே."

"ஐம்பது வருஷமா தொப்பிகூட இல்லாம வெயில்ல பந்து உருட்டிட்டு இருக்கியேடா."

கோலின் சிரிக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். கல்லில் இருக்கும் லிண்ட்சேவின் பெயர் முதலில் போகவேண்டும். போனதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பணம். உள்ளே சமையலறைத் தரையில் கிரேவி ஒரு முறை முனகியது. லிண்ட்சே கையை நீட்டினார்.

லொரேன் எடுத்துவைத்த படிவத்தில், உரிமை மாற்றத்துக்குக் காரணம் என்ற இடத்தில் இரண்டே கட்டங்கள். ஒன்று, உரிமையாளர் இறந்துவிட்டார். இன்னொன்று, உரிமையாளர் வேறிடத்தில் புதைக்கப்பட்டார். மூன்றாவது வகை மனுஷன் இந்த ஊரில் வருவான் என்று படிவம் அச்சடித்தவருக்குத் தோன்றவில்லை.

"என்னை இன்னும் எங்கயும் புதைக்கலையே, லொரேன்."

"அப்ப முதல் கட்டம்தான். ஒண்ணுமில்ல, அப்புறமா திருத்திக்கலாம்," என்று சொல்லி அவளே ஒரு டிக் போட்டாள்.

புதன்கிழமை காலை கல் வெட்டுகிறவர் ஸ்டாவ்ரோ வந்தார். காரில் முன் இருக்கையில் படுத்திருந்த கிரேவி தலையைத் தூக்கவில்லை. முப்பது வருஷத் தொழிலில் உயிரோடிருக்கிற ஆள் பெயரை அழிப்பது இதுதான் முதல் தடவை, வழக்கமாக வாடிக்கையாளர்கள் இப்படிப் பக்கத்தில் நின்று முறைக்கமாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே யந்திரத்தை ஓடவிட்டார். முதலில் கோடு போனது. அப்புறம் வருடம். பிறகு பெயர், பின்னாலிருந்து முன்னால். வெள்ளைத் தூசி எழும்பி லிண்ட்சேவின் சட்டையில், புருவத்தில், உதட்டில் படிந்தது. காற்றே இல்லாத காலை அது. ஆனால் கோலின் மேல் ஒரு பொட்டுத் தூசிகூட விழவில்லை. முடிந்ததும் கல்லில் ஒரு வழுவழுப்பான பள்ளம் இருந்தது. கோலின் அதில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, தொலைபேசியை எடுத்துப் பணத்தை அனுப்பினார்.

மதியத்துக்குள் கிரேவியை அடிலெய்டில் சேர்த்தாகிவிட்டது. வியாழக்கிழமை கட்டியை எடுத்துவிட்டார்கள். மூன்று நாள் வைத்திருந்து பார்ப்போம், இரவுகளைத் தாண்டவேண்டும் என்று போனில் சொன்னார்கள். லிண்ட்சே வீட்டில் காத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை சூப்பர்மார்க்கெட் வாசலில் நின்றார். தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு திறக்கவில்லை. ஒரு எட்டுப் பின்வாங்கி மறுபடி வந்து நின்றார், கையை ஆட்டினார். பின்னால் தள்ளுவண்டியோடு ஒரு பெண் வந்ததும் திறந்தது. மருந்துக்கடைப் பெண் நாற்பத்தொன்று என்றாள், நாற்பத்து மூன்று என்றாள். நாற்பத்திரண்டாம் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதிரிலேயே நின்றிருந்தார். கிளப்பில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒருவன் "இங்க யாரும் இல்லல்ல?" என்று அடுத்த மேஜைக்காரனிடம் கேட்டான். அவன் இல்லை என்று தலையாட்டினான். லிண்ட்சே எழுந்துவிட்டார். எழாமல் இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பார்க்க அவருக்குத் தைரியமில்லை.

சனிக்கிழமை ஊராட்சியிலிருந்து கடிதம் வந்தது. "காலஞ்சென்ற திரு. எல். ஜே. ட்ரென்கோவின் வாரிசுகளுக்கு" என்று தொடங்கி, ஆழ்ந்த அனுதாபத்துக்குப் பிறகு, வீட்டு வரியில் முதியோர் சலுகை உடனே நிறுத்தப்படுவதாக முடிந்தது. லொரேனின் டிக்தான் இதற்குக் காரணம். திங்கட்கிழமை போய்ச் சண்டை போடலாம். ஆனால் லொரேனின் டிக்குக்கும் கண்ணாடிக் கதவுக்கும் என்ன சம்பந்தம்? எடைமேடைக்காரர் புத்தி அன்று ராத்திரி முழுக்க அதையே நிறுத்துப் பார்த்தது. முள் எந்தப் பக்கமும் சாயவில்லை. விடியும்போது ஒரு பயம் மட்டும் தெளிவாக வந்து உட்கார்ந்தது. ஊர் பார்க்காவிட்டால் போகிறது. நாய் பார்க்குமா?

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் அவர் ஒருவர்தான் இருந்தார். முன்மேஜைப் பெண் இரண்டுமுறை தலையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, "கிரேவியைக் கூட்டிட்டுப் போறதா சொன்னவர் இன்னும் வரலைப்பா," என்றாள்.

"வந்து அரைமணி நேரமாச்சும்மா."

அவள் திடுக்கிட்டு மன்னிப்புக் கேட்டாள். சுவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோல இருந்தது.

உள்கதவு திறந்தது. வயிற்றில் மயிர் மழித்து, நீளத் தையலோடு, கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டி, கிரேவி கால் பின்ன நடந்து வந்தது. லிண்ட்சே நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தார். நாய் நின்றது. அறையை ஒருமுறை பார்த்தது. அவர் முகத்தில் கண் நிற்காமல் கடந்து போனது. அந்தப் பார்வை அவருக்கு இடப்பக்கம், காலி நாற்காலிக்கு மேலே, ஓர் ஆள் உட்கார்ந்தால் முகம் இருக்கக்கூடிய உயரத்தில் போய் நின்றது. வால் ஆடியது. பிறகு தள்ளாடி வந்து, அந்த நாற்காலியின் காலடியில் கூம்பை ஒருமுறை இடித்துவிட்டு, அப்புறம்தான் அவரிடம் திரும்பி, அவருடைய பூட்ஸ்மேல் முழு எடையையும் சாய்த்துப் படுத்தது. பதினெட்டு கிலோ. முன்பைவிட ஒரு கிலோ குறைவு. அவருக்குத் தராசு தேவையில்லை.

காரில் முன் இருக்கையில் போர்வையை விரித்து வைத்திருந்தார். கிளெனிஸ் போனதிலிருந்து அது கிரேவியின் இடம். அவள் இருந்த காலத்தில் நாய்க்குப் பின்னால்தான். இன்று கிரேவி முன்கதவு திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தானாகப் பின்கதவருகே போய் நின்றது. எவ்வளவு சொல்லியும் நகரவில்லை. தூக்கிப் பின்னால் படுக்கவைத்தார். போர்வையையும் எடுத்துப் பின்னாலேயே போர்த்திவிட்டார்.

நகரத்தைத் தாண்டினதும் மணி அடிக்கத் தொடங்கியது. முன்பலகையில் சிவப்பு விளக்கு: பக்கத்து இருக்கையில் பெல்ட் போடவில்லை. திரும்பிப் பார்த்தார். இருக்கை காலி. மருந்துப்பை அவர் மடியில் இருந்தது. ஓரமாக நிறுத்தி, இருக்கையைக் கையால் தட்டிப் பார்த்தார். மணி நிற்கவில்லை. பின்னாலிருந்து கிரேவி அந்த இருக்கையின் முதுகைப் பார்த்தபடி நிம்மதியாகக் கிடந்தது.

ஒரு கோதுமை லாரி காரை உலுக்கிக்கொண்டு போனது. பிறகு குறுக்கே கையை நீட்டி, காலி இருக்கையின் பெல்ட்டை இழுத்துப் பூட்டினார். மணி நின்றது. காரை மறுபடி சாலையில் ஏற்றினார்.

அவர் விற்றது அவருடைய பாதியைத்தான். பக்கத்தில் யார் வந்து படுப்பது என்று அடுத்த பாதியான கிளெனிஸை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருமுறை மோதிரத்தை உறையில் போட்டு அனுப்பினவள், இரண்டாம் முறை இடத்தையே விட்டுக் கிளம்புவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

"அவன்கிட்ட பணத்தை எல்லாம் திருப்பிக் குடுக்க முடியாது, சொல்லிட்டேன்," என்றார் லிண்ட்சே, சாலையைப் பார்த்தபடி. "நாய் வயித்துக்குள்ள போயிடுச்சு."

நூற்றுப்பத்தில் போய்க்கொண்டிருந்தவர் சற்று நேரத்தில் தொண்ணூறுக்கு இறங்கினார். முப்பத்தொரு வருடம் யார் பேச்சுக்கும் ஒரு கிலோ இறங்காத மனுஷர், யாரும் சொல்லாமலா இறங்குவார்?