ஆற்றின்மேல் ஒரு பலகைத்தளம்

அஞ்சலைக்கு ஒரு சமையலறை வேண்டியிருந்தது. தனக்கென்று மட்டும் ஒன்று. பெரிய ஆசையா இது? ரப்பர் பால்மரத் தோட்டத்தில் கூலிகளின் லயத்தில் பிறந்து, குழாயடிச் சண்டையைப் பார்த்தே வளர்ந்தவள். காஜா பேராங்கில் மலாக்கா செட்டிகள் வீட்டுக்கு மருமகளாகப் போனாள். செட்டிகள் கும்பிடுவது நம் சாமிகளைத்தான், பேசுவது மட்டும் மலாய். அங்கே அடுப்பு மூத்த மருமகள் சாரதாம்பாளின் ஆட்சியில் இருந்தது. அஞ்சலை எதைச் சமைத்தாலும் அவள் மூடியைத் திறந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, இன்னும் கொஞ்சம் பிளாச்சான் என்கிற இறால் விழுதைக் கரைத்து ஊற்றுவாள். வருஷக்கணக்கில் அஞ்சலை அந்த வீட்டில் பாத்திரம்தான் கழுவினாள்.

கடைசியில் அழுது அடம்பிடித்துக் கணவனைக் கிளப்பினாள். பொன்னையா ஒரு சரக்குக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி. மலாக்கா ஆற்றங்கரையில் பழைய கடைவீட்டு மாடியொன்று வாடகைக்குக் கிடைத்தது. கீழே தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் சீன முதலாளியின் சாக்குக் கடை. மேலே கூடம், மாடிப்படி அதற்குள்தான் ஏறி வரும். கூடத்துக்குப் பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் ஆற்றின்மேல் நீட்டிக்கொண்டிருந்த பலகைத்தளம். பொன்னையாவுக்கு அரை மனசுதான். வீட்டில் சின்னக் கோளாறு என்றாலும் சொல், மறுநாளே அண்ணன் வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று குடிவந்த அன்றே சொல்லிவிட்டான்.

அந்தப் பேச்சுதான் வினையானது. முதல் வாரமே துணி காயப்போடத் தளத்துக்குப் போன அஞ்சலையின் குதிகால் பலகைக்குள் புதைந்தது. கத்தியால் குத்திப் பார்த்தாள். வெந்த மரவள்ளிக்கிழங்கில் இறங்குவதுபோல இறங்கியது. அவள் ஒரு சாக்கை விரித்து மூடிவிட்டு, கொடியைச் சமையலறைக்குள் மாற்றிக் கட்டிக்கொண்டாள். பொன்னையா அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிற ஆளே இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாவி. சொன்னால் மறுபடியும் சாரதாம்பாளின் பாத்திரங்கள். இரவில் ஆற்றில் தண்ணீர் ஏறும்போது கீழே மரத்தூண்கள் முனகும். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருப்பாள்.

நாடு சுதந்திரம் பெறும் மெர்டேக்காவுக்குச் சில வாரம் இருந்தது. மங்குஸ்தீனும் டுரியானுமாகப் பழம் குவிகிற காலம். செட்டிகள் செத்துப்போன முன்னோருக்கு இலைபோட்டுப் படைக்கும் பார்ச்சு வந்தது. பொன்னையாவுக்குத் திடீரென்று ரோஷம். நாடே தனிக்குடித்தனம் போகிற வருஷம், படையலை என் வீட்டில் வைத்தால் என்ன என்று கிளம்பிவிட்டான். செத்துப்போன நம் ஆட்களுக்கு அந்த வீடு தெரியாதே, வழி தவறிப் பசியோடு போய்விடுவார்களே என்று அண்ணன் கணபதி தயங்கினான். ஆனாலும் சொந்தபந்தத்தோடு வந்து சேர்ந்தான்.

கூடத்தில் வாழையிலைகள் போட்டு, சோறும் குழம்பும் பழமும் வைத்து, சாம்பிராணி காட்டினார்கள். பிறகு வழக்கப்படி எல்லாரும் வெளியேறிக் கதவைச் சாத்தினார்கள். முன்னோர் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது, குரல் உயர்த்தக்கூடாது. காஜா பேராங் வீட்டில் என்றால் முற்றத்தில் போய் நிற்பார்கள். இங்கே முற்றத்துக்கு எங்கே போவது? படியோ கூடத்துக்குள் அடைபட்டுவிட்டது. சமையலறைப் புகையில் இருமிக்கொண்டே ஒவ்வொருவராகத் தளத்துக்கு நகர்ந்தார்கள். அங்கே வழுக்கும் என்று மட்டும் சொன்னாள் அஞ்சலை. சாரதாம்பாள் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, காற்று நன்றாக வருகிறதே என்று சாக்கின்மேலேயே போய் நின்றாள்.

காய்ந்த விறகை ஒடித்தாற்போல அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

கணபதியின் முகம் மலர்ந்துவிட்டது. வந்துவிட்டார்கள், வழி கண்டுபிடித்து வந்தேவிட்டார்கள் என்று மலாயில் மெல்லச் சொல்லிக் கைகூப்பினான். அத்தனை பேரும் கைகூப்பி, ஆடாமல் அசையாமல், பக்தியோடு நின்றார்கள்.

இனி விளக்கம் சொல்ல நேரமேது? சொன்னாலும் அந்த நேரத்தில் யார் காதில் ஏறும்? அஞ்சலை ஓடிப்போய்க் கூடத்துக் கதவை இரண்டு கையாலும் தள்ளித் திறந்தாள். முன்னோர் இலையில் உட்கார்ந்திருக்கும்போது கதவைத் திறப்பதா! அந்தக் குடும்பத்தில் யாரும் கனவிலும் செய்யாத பாதகம். கூட்டம் பதறிக்கொண்டு அவளைப் பிடிக்க உள்ளே பாய்ந்தது. சாரதாம்பாள் குழந்தையோடு வந்து அவள் முடியைப் பற்றினாள். கணபதி வந்தான். மற்றவர்களும் வந்துவிட்டார்கள். அடி வாங்கிக்கொண்டே அவர்கள் தோளுக்கு மேலாக அவள் எட்டி எட்டிப் பார்த்தாள்.

பொன்னையா மட்டும் வரவில்லை. அண்ணன் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்ற அவமானத்தில் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தான்.

அவள் எல்லாரையும் உதறிக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தாள்.

"உள்ள வாங்க. பலகை உளுத்துப் போச்சுங்க. எனக்குத் தெரியும்."

அவன் திரும்பினான். முகத்தில் கோபம்கூட இல்லை.

"எப்பருந்து தெரியும், அஞ்சலை?"

குடிவந்த முதல் வாரமே தெரியும் என்று எப்படிச் சொல்வாள்? பதிலுக்காக அவன் அங்கேயே நின்றான். அவள் வாய் திறப்பதற்குள் தளம் அவனோடு ஆற்றுக்குள் இறங்கிவிட்டது.